பைபிளில் படித்த மரம் பாலைவனத்தில் நின்றது... மதுரையிலிருந்து சீனாய் வரை ஒரு பயணம்!

மதுரையிலிருந்து கிளம்பிய எங்கள் குழுவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அதனால் மணிக்கு ஒருமுறை பஸ் நின்றாக வேண்டும். 2023 பிப்ரவரியில், எகிப்தின் சீனாய் பாலைவனத்தில் அப்படி நின்ற இடத்தில் ஒரே ஒரு மரம். குடை மாதிரி விரிந்த தலை, உடம்பெல்லாம் முள்.

"இதுதான் சீத்திம் மரம். உடன்படிக்கைப் பெட்டி செய்த மரம்" என்றார் வழிகாட்டி.

அத்தை கிட்டே போய் ஒரு கொப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஏப்பா, இது நம்ம கண்மாய்க்கரை வேலமரம்டா!"

சரியாகத்தான் சொன்னார். சீத்திம் என்பது எபிரேயச் சொல். நம் பழைய தமிழ் பைபிள் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. மரம் வேல மர இனம்தான், நம் ஊர் நாட்டுக் கருவேலத்துக்குச் சொந்தக்காரன். (நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக நாம் திட்டும் சீமைக் கருவேலம் வேறு சாதி.) ஐம்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர் அத்தை. அத்தனை வருடமும் அது ஏதோ தேக்கு, சந்தனம் போல விலை உயர்ந்த மரம் என்றே நினைத்திருந்தாராம். பஸ்ஸில் ஏறிய பிறகும் வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

புனித பூமிப் பயணம் என்றாலே பெத்லகேம், எருசலேம் ஆலயங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் கூட்டம், வரிசை, செல்போன் வெளிச்சம். நின்று ஜெபிப்பதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளிவிடுவார். எங்கள் குழுவை உலுக்கியது பாலைவனம்தான்.

எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம்! மத்திய தரைக்கடலிலிருந்து வரும் மேகம் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இருப்பது மழை மறைவுப் பகுதி, யூதேயா வனாந்தரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை மதுரைக்கு வருவதற்குள் என்ன ஆகிறது என்று தெரியாதா? ஆனாலும் நமக்கு வருடத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. எரிகோவில் 200-கூடக் கிடையாது.

63-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே, தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடியது என்றிருக்கும். தாகத்தைப் பற்றிய அந்தப் பாட்டை, அந்த மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே ஒருவர் வாசித்தார். கையில் தண்ணீர் பாட்டிலோடுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் அதைத் திறக்கவில்லை.

அத்தை ஏன் இந்தப் பயணத்துக்கு வந்தார் என்பதைச் சொல்லவேண்டும். மாமாவும் அவரும் சேர்ந்து ஏலச்சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. 2020-ல் மாமா போய்விட்டார். அதன்பிறகு அத்தை சர்ச்சுக்குப் போவார், வருவார், ஆனால் வீட்டில் முழங்கால் போடுவதை நிறுத்திவிட்டார். "மூட்டு வலி" என்பார். எங்களுக்குத் தெரியும், வலி மூட்டில் இல்லை.

பயணத்தின் தொடக்கத்தில் ஜோர்தான் நாட்டின் நேபோ மலைக்குப் போனோம். நாற்பது வருடம் மக்களை வனாந்தரத்தில் நடத்திவந்த மோசே, வாக்குத்தத்த தேசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குள் போகாமலே இறந்த இடம். வானம் தெளிவாக இருந்ததால் சாக்கடலும் எரிகோவும் தெரிந்தன. "பார்த்ததோட சரியா?" என்றார் அத்தை. மோசேயைச் சொன்னாரா, மாமாவைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை.

கடைசியில் சீனாய் மலை. உயரம் 2,285 மீட்டர். நம் கொடைக்கானலைவிட அதிகம். சூரிய உதயத்தைப் பார்க்க நள்ளிரவு தாண்டியதுமே ஏறத் தொடங்குகிறார்கள். அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித கேத்தரின் மடாலயம். பாதி தூரத்துக்கும் மேலே ஒட்டகத்தில் போகலாம். பிறகு சுமார் 750 படிகள், அதை அவரவர் காலால்தான் ஏறியாக வேண்டும். பல்லைக் கிட்டவைக்கும் குளிர். குரங்குக் குல்லாய் கொண்டுவந்தவர்களைக் கிண்டல் செய்த நான், அன்று ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

படிகளுக்குக் கீழே இருந்த டீக்கடையில் அத்தை நின்றுவிட்டார். "நீங்க போங்கப்பா. எனக்கு இது போதும்."

உச்சியில் விடிந்தது. பாறைகள் செங்கல் நிறமாக மாறின. நான் அவசரமாகக் கீழே இறங்கி வந்தேன். கடைக்குப் பின்னால், கிழக்கே பார்த்தபடி, சால்வையைத் தரையில் மடித்துப் போட்டு அத்தை முழங்காலில் இருந்தார். எழுப்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது.

எருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு 2011-ல் மானியம் அறிவித்தது. முதலில் ஒருவருக்கு 20,000 ரூபாய். பின்னர் அது 37,000 ரூபாயாகவும், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் 2023 அக்டோபரில் போர் தொடங்கியபின் பல குழுக்களின் பயணம் தள்ளிப்போனது. எங்கள் தெருவிலேயே பாஸ்போர்ட் எடுத்துவைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் அத்தையிடம் வந்து கதை கேட்பார்கள்.

இப்போது ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் பாடம் வந்தால், அத்தை முதல்நாளே எனக்கு போன் செய்துவிடுவார். "கண்மாய்ப் பக்கம் போனா ஒரு வேலங்கொப்பு ஒடிச்சுட்டு வா. முள்ளோட இருக்கட்டும்."