பெல்லட் அடுப்பு: வாங்குமுன் தீனியைக் கணக்குப் பாருங்கள்



வர்த்தக சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் மாற்று எரிபொருள் பற்றிய பேச்சு நம் கடைத்தெருவில் கிளம்பிவிடும். எண்ணூர், நெட்டுக்குப்பம், திருவொற்றியூர்ப் பக்கம் உணவகமும் மீன் வறுவல் கடையும் நடத்தும் அன்பர்கள், கடையின் பின்கட்டில் பெல்லட் கிரில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மளிகைக் கடைக்காரர்களோ, அந்தப் பெல்லட்டை மூட்டையாக வாங்கி விற்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒரே கணக்கில்தான் இருக்கிறது.

மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றை உலர்த்தி, அழுத்தி, பென்சில் கனத்துக்குச் சிறு குச்சிகளாக ஆக்கியதே பெல்லட். இதை எரிக்கும் கிரில் 1980களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டிரேகர் நிறுவனம் உண்டாக்கியது. சூட்டைக் குறித்து வைத்தால், திருகுதண்டு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். விசிறி காற்று ஊதும். பக்கத்தில் நின்று விசிற ஆள் வேண்டாம் என்பது பெரிய வசதி.

நம் நாட்டின் அனுபவம்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பி.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஊர்ஜா’ என்ற பெல்லட் அடுப்பு 2006 வாக்கில் விற்பனைக்கு வந்தது. 2009இல் அந்த வியாபாரம் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. 4 லட்சம் அடுப்புகளுக்கு மேல் விற்றன. பிறகு விவசாயக் கழிவின் விலை ஏற, பெல்லட் விலையும் ஏறியது. வீட்டுக்காரர்கள் அடுப்பை ஓரம் கட்டினார்கள். நிறுவனமும் உணவகச் சமையலறைகளின் பக்கம் திரும்பியது. அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிட்டது.

இன்று அந்தத் தீனிக்குப் போட்டியும் பெரிது. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளும் இதே சரக்கைத்தான் வாங்குகின்றன. அவர்கள் டன் கணக்கில் வாங்கும் இடத்தில் நாம் மூட்டைக் கணக்கில் நிற்கிறோம்.

கணக்கு

ஒரு கிலோ கேஸ் தரும் சூட்டுக்கு ஏறக்குறைய 3 கிலோ பெல்லட் வேண்டும். ஆகவே 19 கிலோ சிலிண்டருக்கு ஈடு சுமார் 57 கிலோ. உங்கள் கடை வாசலில் வந்து இறங்கும் விலையை, வண்டி வாடகை, இறக்குக்கூலி சேர்த்து, 57ஆல் பெருக்கிப் பாருங்கள். சிலிண்டர் விலையைவிட நன்றாகக் குறைந்தால் மட்டுமே மேலே யோசிக்கலாம். அடுப்பின் விலை ஒருமுறைச் செலவு. இது தினச் செலவு.

வாங்கும்போது கவனிக்க

1. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கிரில் 110 அல்லது 120 வோல்ட்டுக்குச் செய்ததா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

2. கரண்ட் போனால் திருகுதண்டும் விசிறியும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கடற்காற்றில் மெல்லிய தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். தகட்டின் கனத்தைப் பார்த்து, மேலே கூரையும் போடுங்கள்.

4. கரி அடுப்பின் கடும் அனல் இதில் பெரும்பாலும் கிடைக்காது. வஞ்சிரத் துண்டைச் சட்டென்று சிவக்க வைக்கக் கரியும் கல்லும்தான் சரி. கோழி முழுசாக, மெதுவாக வேக பெல்லட் சரி.

5. அடைத்த அறையில் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு மணமின்றி ஆளைக் கொல்லும்.

சரக்கு பார்க்கும் விதம்

நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் ‘படக்’கென்று முறியும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். மூட்டையின் அடியில் தூள் அதிகமிருந்தால் திருகுதண்டு அடைத்துக்கொள்ளும். மரப் பெல்லட்டில் சாம்பல் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். உமியிலோ 15 சதவீதத்துக்கும் மேல். பெயிண்ட் அடித்த பழைய மரத்தூளில் செய்தது உணவுக்கு ஆகவே ஆகாது. எதிலிருந்து செய்தது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஈரம்தான் இதற்குப் பரம எதிரி. நனைந்த மூட்டை சில நிமிடங்களில் உப்பித் தூளாகிவிடும். உலர்த்தினாலும் பழையபடி ஆகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்டு அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகைக்குமுன் இருப்பைக் குறையுங்கள்.

மளிகைக் கடை அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வட்டாரத்தில் இந்த அடுப்பு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். மாதம் எத்தனை மூட்டை ஓடும் என்று கேட்டு, அந்த அளவுக்கே சரக்குப் போடுங்கள். சப்ளை தவறினால் அடுப்பு வாங்கியவர் உற்பத்தியாளரைத் தேடிப் போகமாட்டார். உங்கள் கல்லா முன்னால்தான் வந்து நிற்பார். இரண்டு இடத்தில் கொள்முதல் வழி இருந்தால் இறங்குங்கள். ஒரே இடத்தை நம்பி இறங்க வேண்டாம்.