ஜோர்டான் மெக்னர்

ஜோர்டான் மெக்னர் (பிறப்பு: ஜூன் 4, 1964) அமெரிக்க நிகழ்பட ஆட்ட வடிவமைப்பாளர், நிரலாளர், திரைக்கதை எழுத்தாளர் ஆவார். காராட்டேகா, பிரின்ஸ் ஆப் பெர்சியா, தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் ஆகிய கணினி விளையாட்டுகளை உருவாக்கியவர். திரைப்படத்தின் கதைசொல்லும் முறைகளைக் கணினி விளையாட்டுகளுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

தொடக்க காலம்

மெக்னர் நியூயார்க் நகரில் பிறந்தார். இவரது தந்தை பிரான்சிஸ் மெக்னர், வியன்னாவில் பிறந்த உளவியலாளர் ஆவார். நாசிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜோர்டான் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றார். அங்கு மாணவராக இருந்தபோதே ஆப்பிள் 2 கணினிக்காகக் காராட்டேகா என்னும் ஆட்டத்தை எழுதினார். இதனைப் புரோடர்பண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்டது. சிறைப்பட்ட இளவரசியை மீட்கச் செல்லும் கராத்தே வீரனின் கதை இது. வீரனையும் பகைவனையும் மாறிமாறிக் காட்டும் திரைப்பட உத்தி இதில் கையாளப்பட்டது. ஆட்டத்தின் இசையைத் தந்தையே அமைத்தார்.

இதில் வரும் உருவங்களின் இயக்கத்துக்காகக் கராத்தே ஆசிரியர் ஒருவரின் அசைவுகள் படம்பிடிக்கப்பட்டன. பின்னர் அப்படச்சுருளின் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து வரையப்பட்டன. இம்முறை ரோட்டோஸ்கோப்பிங் எனப்படுகிறது.

பிரின்ஸ் ஆப் பெர்சியா

1985இல் பட்டம் பெற்ற பின்னர் மெக்னர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் நிகழ்படமாக எடுத்து, அதிலிருந்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். வாட்போர் அசைவுகளுக்கு 1938இல் வெளிவந்த 'தி அட்வென்சர்ஸ் ஆப் ராபின் ஹூட்' திரைப்படத்தின் ஒரு காட்சி பயன்பட்டது. ஆட்டக்காரர் ஒரு மணி நேரத்துக்குள் 12 நிலைகளைக் கடந்து, அமைச்சன் ஜாபரிடமிருந்து இளவரசியை மீட்க வேண்டும்.

உயிரோட்டமான அசைவுகளுக்குப் பல படங்கள் தேவைப்பட்டதால் கணினியின் நினைவகம் நிரம்பிவிட்டது. எதிரிகளுக்கான படங்களைச் சேர்க்க இடமில்லை. பொறிகளும் பள்ளங்களும் மட்டுமே இருந்த ஆட்டத்தில் விறுவிறுப்பு குறைவு என்பதைச் சக பணியாளர் டோமி பியர்ஸ் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்தார். இறுதியில் இளவரசனின் படங்களையே எதிரிக்கும் பயன்படுத்தும் வழி கண்டறியப்பட்டது. ஒரு படத்தையும், அதனையே ஒரு பிட் நகர்த்திய படிவத்தையும் எக்ஸ்ஓர் எனப்படும் தருக்கச் செயலுக்கு உட்படுத்தினால், இரண்டும் ஒத்திருக்கும் புள்ளிகள் அணைந்து, வேறுபடும் புள்ளிகள் மட்டும் ஒளிரும். இதனால் மங்கி மினுங்கும் ஒரு நிழல் உருவம் கிடைத்தது. அதற்குத் தனியாகப் படங்களைச் சேமிக்க வேண்டியதில்லை.

நினைவகப் பற்றாக்குறையால் பிறந்த இந்த 'நிழல் மனிதன்' கதையின் மையமாகவும் ஆனான். கண்ணாடியை உடைத்துத் தாவும்போது இளவரசனிடமிருந்து பிரியும் நிழல், பின்னர் அவனுக்குத் தடையாக நிற்கிறது. நிழலை வாளால் வெட்டினால் இளவரசனுக்கும் காயம் ஏற்படும். வாளை உறையிலிட்டு நிழலுடன் இணைவதே தீர்வாகும். பின்னர் நினைவகத்தில் மேலும் இடம் உண்டாக்கப்பட்டு, காவலர்களும் சேர்க்கப்பட்டனர்.

1989இல் ஆட்டம் வெளியானபோது ஆப்பிள் 2 கணினியின் சந்தை சரிந்துகொண்டிருந்தது. எனவே தொடக்கத்தில் விற்பனை குறைவாகவே இருந்தது. பிற கணினிகளுக்கான பதிப்புகள் வெளிவந்த பின்னரே இது உலகப் புகழ் பெற்றது.

தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்

1993இல் மெக்னர் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மோக்கிங் கார் புரொடக்சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஒரே பெரும் படைப்பான தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் 1997இல் வெளியானது. முதலாம் உலகப் போர் மூளும் தறுவாயில், 1914 ஜூலையில் பாரிசிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் செல்லும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடருந்தில் கதை நிகழ்கிறது. ராபர்ட் காத் என்னும் அமெரிக்க மருத்துவர் தொடருந்தில் ஏறும்போது, தம் நண்பர் கொலையுண்டு கிடப்பதைக் காண்கிறார்.

இவ்வாட்டத்தில் கடிகாரம் உண்மை நேரத்தைவிட 6 மடங்கு வேகமாக ஓடுகிறது. ஆட்டக்காரர் எதுவும் செய்யாவிடினும் பிற பயணிகள் உண்பர், உரையாடுவர், சதி செய்வர். ஒரு பெட்டியில் நடப்பதைக் கவனிக்கும்போது மற்றொரு பெட்டியில் நடப்பது தவறிப்போகும். எனினும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி மீண்டும் முயலலாம். நடிகர்களைப் படம்பிடித்து, அச்சட்டங்களைக் கோட்டோவியங்களாக மாற்றி வண்ணமிட்டனர்.

விமர்சகர்கள் பாராட்டிய போதிலும் ஆட்டம் வணிக நோக்கில் தோல்வியடைந்தது. வெளியீட்டின்போது புரோடர்பண்ட் நிறுவனத்தின் விற்பனை மேம்பாட்டுப் பிரிவினர் விலகியிருந்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஸ்மோக்கிங் கார் நிறுவனமும் மூடப்பட்டது.

பிற்காலப் பணிகள்

யூபிசாப்ட் மான்ட்ரியால் 2003இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆப் டைம்' ஆட்டத்துக்கு மெக்னர் கதை எழுதினார். காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் குறுவாள் இதன் சிறப்பம்சமாகும். இதனைத் தழுவி 2010இல் திரைப்படமும் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வெளியேற்றப்பட்ட மக்களின் குடியிருப்பைப் பற்றிய 'சாவேஸ் ரவீன்' (2003) என்னும் ஆவணப்படத்தையும் இவர் இயக்கினார். தம் குடும்பத்தின் அகதி வரலாற்றை 'ரீப்ளே' என்னும் வரைகதை நூலாக வெளியிட்டுள்ளார்.

மூல நிரல் மீட்பு

பிரின்ஸ் ஆப் பெர்சியாவின் ஆப்பிள் 2 மூல நிரல் பல ஆண்டுகளாகத் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. அது பதிவான நெகிழ்வட்டுகளை இவரது தந்தை வீட்டில் கண்டெடுத்தார். காந்தப் பதிவு காலப்போக்கில் அழியக்கூடியது என்பதால், பழைய கணினிகளில் தேர்ச்சி பெற்றோரின் உதவியுடன் 2012இல் நிரல் படியெடுக்கப்பட்டு, கிட்ஹப் தளத்தில் வெளியிடப்பட்டது. அவ்வாட்டம் இயங்கிய முறையை மாணவர்கள் இதன்மூலம் நேரடியாகக் கற்கலாம். ஆட்டம் உருவான காலத்தில் மெக்னர் எழுதிய நாட்குறிப்புகளும் நூலாக வெளிவந்துள்ளன.

முக்கிய ஆட்டங்கள்

காராட்டேகா (1984)
பிரின்ஸ் ஆப் பெர்சியா (1989)
பிரின்ஸ் ஆப் பெர்சியா 2: தி ஷேடோ அண்ட் தி பிளேம் (1993)
தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் (1997)
பிரின்ஸ் ஆப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆப் டைம் (2003)