நாய்க்கும் உண்டு கலோரிக் கணக்கு!

எடை கூடிய காவல்காரனை இளைக்கவைக்கும் வழி

கடலைக் காட்டுக்குள் பன்றி இறங்கினால்கூட எழுந்து ஓடாமல், திண்ணையில் படுத்தபடியே குரைக்கும் நாய்கள் கிராமங்களிலும் பெருகிவிட்டன. 'வயசாயிடுச்சு' என்பார்கள் வீட்டில். நாலு வயதில் நாய்க்கு ஏது முதுமை? பல வீடுகளில் எடைதான் காரணம். கூடுதல் எடை மூட்டுகளைத் தேய்க்கும். மூச்சிரைக்க வைக்கும். சித்திரை வெயிலில் குண்டு நாய்க்கு வெப்ப அயர்ச்சி சீக்கிரம் வரும். சமயத்தில் உயிரே போகும்.

2002-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாகத் தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய 13 வருடம் வாழ்ந்தன. மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

தடவிப் பார்த்தாலே தெரியும்

விலாவில் உள்ளங்கையை லேசாக வைத்துத் தடவும்போது எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியும், பக்கவாட்டில் பார்த்தால் அடிவயிறு மேலேறியும் இருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா அகப்படுகிறது என்றால் எடை கூடிவிட்டது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைக்கக் கூடாது. விலா தெரிய ஒல்லியாக இருப்பது அவற்றின் உடல்வாகு. 'எலும்பும் தோலுமா இருக்கே' என்று பரிதாபப்பட்டுக் கொழுக்கவைப்பது அந்த இனத்துக்குச் செய்யும் கேடு.

கால்நடை மருத்துவர்கள் உடல்வாகை 1 முதல் 9 வரை புள்ளி போட்டு அளக்கிறார்கள். 5 சரியான நிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 10 சதவிகிதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளலாம். 36 கிலோ லாப்ரடார் 8 புள்ளியில் இருந்தால் 30 சதவிகிதம் அதிகம். 36-ஐ 1.3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 கிலோ. அதுதான் இலக்கு. எடை பார்க்க மூட்டை நிறுக்கும் தராசே போதும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, ஆள் எடையைக் கழித்துவிடலாம்.

கணக்கு இதுதான்

இலக்கு எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்க வேண்டும். 28 × 28 × 28 = 21,952. இதற்கு வர்க்கமூலம் 148. அதற்கு இன்னொரு முறை வர்க்கமூலம் எடுத்தால் 12.17. இதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 850. செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். எடை குறைய வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு இந்த 850 கலோரிதான் தொடக்க அளவு. வர்க்கமூலம் வேண்டாம் என்பவர்கள் எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டலாம். 910 வரும். கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த நாய் என்ன தின்கிறது? சோறு 600 கிராம், 780 கலோரி. பால் அரை லிட்டர், 325. முட்டை இரண்டு, 150. பிள்ளைகள் போடும் பிஸ்கட் பத்து, ஏறக்குறைய 250. மொத்தம் 1,505! மாட்டுத் தொட்டியில் நக்கும் தவிடும் கழுநீரும் தனி. தொட்டியில் கடலைப் பிண்ணாக்கு ஊறினால் கட்டாயம் மூடிவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் இருக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு நாயின் கல்லீரலைக் கெடுக்கும்.

850-க்குள் இப்படி அடக்கலாம்: சோறு 250 கிராம் (325), தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 200 கிராம் (330), முட்டை ஒன்று (75), வேகவைத்த பூசணி அல்லது பீன்ஸ் 200 கிராம் (50). ஆகமொத்தம் 780. மிச்சம் 70 கலோரி நொறுக்குக்கு. நொறுக்கு எப்போதும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு போட்டால் 100 கிராமுக்கு 15 கலோரிதான். குழம்புச் சோறு வேண்டாம்; வெங்காயம் நாய்க்கு ஆகாது. வீட்டுத் தீனியில் சுண்ணாம்புச் சத்து பற்றாது என்பதால் தாது உப்பு, வைட்டமின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். பாக்கெட் தீனி என்றால் பையிலேயே கலோரி அச்சிட்டிருக்கும். 100 கிராமுக்கு 350 என்றிருந்தால், நொறுக்கு எதுவும் இல்லாமல் நாளுக்குச் சுமார் 240 கிராம்.

பாட்டி ஒரு கை, பேரன் ஒரு கை

கணக்கு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆளுக்கொரு கை போட்டால் எந்தச் சூத்திரமும் நிற்காது. காலையிலேயே நாள் முழுதுக்குமான தீனியை ஒரே பாத்திரத்தில் அளந்து வைத்து, யார் போட்டாலும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். நாய் ஏங்கிப் பார்க்கத்தான் செய்யும். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணுவிலேயே ஒரு குறை இருப்பதாக கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். அந்தப் பார்வையைப் பசி என்று நம்பினால் தட்டு காலியாகவே இருக்காது.

கருத்தடை செய்த நாய்க்குத் தேவை கால் பங்கு வரை குறையலாம். அறுவைக்குப் பிறகும் பழைய அளவே போட்டால் எடை ஏறும். தைராய்டு கோளாறாலும் நாய் ஊதும். தீனியைக் குறைக்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வளரும் குட்டி, சினையாக இருப்பது, பாலூட்டுவது ஆகியவற்றுக்கு இந்தப் பத்தியம் கூடாது.

வாரத்துக்கு 1 முதல் 2 சதவிகித எடை குறைந்தால் போதும். 36 கிலோ நாய்க்கு அது 360 முதல் 720 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் தீனியைப் பத்து சதவிகிதம் கூட்ட வேண்டும். இரண்டு வாரமாகியும் தராசு அசையவில்லை என்றால், முதலில் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். அங்கும் ஒரு தட்டு இருக்கலாம். இல்லையென்றால் பத்து சதவிகிதம் குறைக்கலாம். நடை, வெயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

28 கிலோவுக்கு வர நாலைந்து மாதம் ஆகும். வந்த பிறகு தீனியைப் பத்து சதவிகிதம் கூட்டி இரண்டு வாரம் எடை பார்த்து, இன்னும் இறங்கினால் மட்டும் மறுபடி கூட்டலாம்.