44-ல் தொடங்கும் ஐபி முகவரி: ஹாம் ரேடியோகாரர்களுக்கு மட்டும் ஏன்?

திண்டுக்கல்லில் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் ஹாம் ரேடியோ பிரியருக்கு இன்டர்நெட்டில் சொந்த முகவரி கிடைக்குமா? கிடைக்கும். அதுவும் இலவசமா!

எப்படி?
44-ல் தொடங்கும் சுமார் 1.67 கோடி ஐபி முகவரிகள் 1981-லேயே உலக ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டன. இப்போது அமெரிக்காவின் ஏஆர்டிசி அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

யாருக்கு?
மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் பாஸாகி, ‘வியூ2’, ‘வியூ3’ என ஆரம்பிக்கும் அழைப்புக்குறி வாங்கியிருக்கணும். அந்த அழைப்புக்குறியோடு ‘ஏஎம்பிஆர் டாட் ஆர்க்’ சேர்ந்தால் டொமைன் பெயர் ரெடி. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

பதிவை ஏன் கவனிக்கணும்?
பெயரைத் தட்டினால் நம்பருக்குப் போகும் போன் கான்டாக்ட் மாதிரிதான் டிஎன்எஸ். ஐபி மாறியும் பதிவை மாற்றாவிட்டால் ‘ராங் நம்பர்’தான். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து தகவல் சேர்த்தவர்கள் ஹாம்கள். அப்படியொரு அவசரத்தில் தவறான பதிவு, உதவிக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

சர்ச்சை என்ன?
2019-ல் கால் பங்கு முகவரிகள் அமேசானுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் விற்கப்பட்டன. தங்களைக் கேட்காமலே விற்றதாகப் பல ஹாம்கள் கொதித்தார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் இப்போது ஹாம் ரேடியோ திட்டங்களுக்கும் கல்விக்கும் நிதி போகிறது. மீதி முக்கால் பங்கு, உரிமம் வைத்திருப்பவர்கள் கேட்டால் கிடைக்கும்.