கூட்டம் கூடியது, வேலை போனது: 2008 மந்தநிலையில் அமெரிக்க அனிமே நிறுவனங்களுக்கு என்ன ஆச்சு?

2008 ஜூலை. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த 'அனிமே எக்ஸ்போ' திருவிழாவுக்கு 40,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் திரண்டிருந்தார்கள். அதே நேரத்தில் இன்னொரு செய்தியும் வெளியானது. அமெரிக்காவின் பெரிய அனிமே விநியோக நிறுவனங்களில் ஒன்றான ஏ.டி.வி ஃபிலிம்ஸ் வசம் இருந்த 30க்கும் மேற்பட்ட தொடர்கள், போட்டியாளரான ஃபனிமேஷன் கைக்குப் போய்விட்டன.

ரசிகர்கள் கூடிக்கொண்டே போக, அந்தத் துறையில் வேலை பார்த்தவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. மவுசு உள்ள துறையில் இருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை என்று நினைப்போம் இல்லையா? அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

அப்போது அனிமே எப்படி விற்கப்பட்டது?

இன்று மொபைலில் ஒரு தட்டு தட்டினால் எபிசோடு ஓடுகிறது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அனிமே என்றால் பெரும்பாலும் டிவிடிதான்.

ஜப்பானிய தயாரிப்பாளரிடம் விநியோக நிறுவனம் உரிமம் வாங்கும். அதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பு, டப்பிங், சப்டைட்டில், அட்டை வடிவமைப்பு, டிஸ்க் தயாரிப்பு என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். எல்லாம் முடிந்து டிஸ்க் கடைக்குப் போய், அது விற்ற பிறகுதான் காசு திரும்பி வரும்.

ஒரு டிஸ்க்கில் பொதுவாக 3 முதல் 5 எபிசோடுகள். விலை கிட்டத்தட்ட 25 முதல் 30 டாலர். 26 எபிசோடு கொண்ட ஒரு தொடரை முழுசாக வாங்க ஆறேழு டிஸ்க் வேண்டும். கூட்டிப் பாருங்கள், 150 டாலரைத் தாண்டிவிடும். பொருளாதாரம் நன்றாக இருந்தபோது ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். அந்த விற்பனையை நம்பி நிறுவனங்களும் போட்டி போட்டு உரிமங்களை வாங்கிக் குவித்தன.

முதல் அடி எங்கே விழுந்தது?

கடைகளில். அமெரிக்க மால்களில் 'சன்கோஸ்ட்', 'சாம் குடி' என்ற கடைகளை நடத்திவந்த மியூசிக்லேண்ட் நிறுவனம் 2006 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அனிமேவுக்கென்று அலமாரி அலமாரியாக இடம் ஒதுக்கியிருந்த கடைகள் அவை. அதே ஆண்டு டவர் ரெக்கார்ட்ஸும் அமெரிக்கக் கடைகளை மூடியது.

கடைக்காரர் திவாலானால் சரக்கு கொடுத்தவருக்கு இரண்டு பக்கமும் அடி. விற்ற சரக்குக்கான பணம் நீதிமன்ற வழக்கில் மாட்டிக்கொள்ளும். அடுத்த சரக்கை வைக்க இடமும் இருக்காது. போதாக்குறைக்கு, விற்காத டிஸ்க்குகளைக் கடைகள் திருப்பி அனுப்பலாம் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். போன மாதம் வருமானமாகத் தெரிந்த தொகை, இந்த மாதம் பெட்டி பெட்டியாகக் கிடங்குக்கே திரும்பி வரும்.

அதற்கு மேல் வந்து விழுந்ததுதான் மந்தநிலை. அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கணக்குப்படி அது 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சரிந்தது. நவம்பரில் 'சர்க்யூட் சிட்டி' மின்னணு கடைகள் திவால் மனு போட்டு, 2009 தொடக்கத்தில் முழுசாக மூடப்பட்டன. 34,000 பேரின் வேலை போனது. டிவிடி விற்ற இன்னொரு பெரிய வாசலும் சாத்தப்பட்டது.

யார் யார், எப்போது விழுந்தார்கள்?

* ஜெனியன் (2007 செப்டம்பர்): 'ஹெல்சிங்' போன்ற தொடர்களை விற்ற நிறுவனம். விநியோகத்தை ஏ.டி.வியிடம் ஒப்படைக்கும் திட்டம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அமெரிக்க டிவிடி விநியோகமே நிறுத்தப்பட்டது.
* டோக்கியோபாப் (2008 ஜூன்): மாங்கா புத்தகங்களுக்குப் பெயர்போன பதிப்பகம். ஒரே மறுசீரமைப்பில் 39 பணியிடங்கள் காலி. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு சுற்று ஆட்குறைப்பு.
* சென்ட்ரல் பார்க் மீடியா (2009 ஏப்ரல்): 1990இல் நியூயார்க்கில் தொடங்கியது. 2006லேயே ஆட்குறைப்பைப் பார்த்தது. கடைசியில் 'சாப்டர் 7' மனு போட்டது. கடனை மறுசீரமைத்து மீண்டு வரும் வழி அல்ல அது. இருப்பதை விற்றுக் கடனை அடைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் வழி.
* ஏ.டி.வி ஃபிலிம்ஸ் (2009 செப்டம்பர்): 'எவாஞ்சலியன்' தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஹூஸ்டன் நிறுவனம். சொத்துகளை விற்று, பல சிறு நிறுவனங்களாகப் பிரிந்தது.
* விஸ் மீடியா (2010 மே): 'நருட்டோ', 'ப்ளீச்', 'டெத் நோட்' எல்லாம் இவர்கள் கையில். ஆனாலும் சுமார் 60 பேரை அனுப்பியது. ஊழியர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம்.
* பண்டாய் என்டர்டெயின்மென்ட் (2012 ஜனவரி): 'கவ்பாய் பீபாப்' விற்ற நிறுவனம். புதிய வெளியீடுகளை நிறுத்துவதாக அறிவித்தது.

இந்தத் தேதிகளில் ஒரு விஷயம் தெரிகிறது. மந்தநிலை 2009 ஜூனில் 'முடிந்த' பிறகும் ஆட்குறைப்பு நிற்கவில்லை. அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டதே 2009 அக்டோபரில்தான். பொருளாதாரப் புள்ளிவிவரம் மேலே ஏறத் தொடங்கினாலும், சம்பளக்காரன் வாழ்க்கை மேலே ஏற இன்னும் நாளாகும்.

வேலை போனது யாருக்கு?

அனிமே நிறுவனம் என்றதும் படம் வரைபவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இங்கே பாதிக்கப்பட்டவர்கள் வேறு. ஜப்பானிய வசனத்தை மொழிபெயர்ப்பவர், வாயசைவுக்கு ஏற்ப ஆங்கில வசனம் எழுதுபவர், சப்டைட்டிலை நேரம் பார்த்துப் பொருத்துபவர், டப்பிங் இயக்குநர், ஒலிப்பதிவாளர், அட்டை வடிவமைப்பாளர், கடை கடையாக ஆர்டர் பிடிப்பவர், கிடங்குத் தொழிலாளி. ஏ.டி.வி நடத்திய 'நியூடைப் யு.எஸ்.ஏ' இதழ் 2008இல் நின்றது. அதற்குப் பதிலாக வந்த 'பிக்யூ' இதழ் நான்கே இதழ்களோடு முடிந்துபோனது. எழுத்தாளர்களும் ஆசிரியர் குழுவும் சேர்ந்து போனார்கள்.

குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஃப்ரீலான்ஸ். அவர்களுக்கு 'ஆட்குறைப்பு' என்று ஒரு கடிதம்கூட வராது. ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வருவது நிற்கும், அவ்வளவுதான். ஆட்குறைப்பு எண்ணிக்கையில் இவர்கள் யாரும் சேர்வதில்லை.

இணையத் திருட்டு மட்டும்தான் காரணமா?

அப்போது அதிகம் குற்றம் சாட்டப்பட்டது அதுதான். ஜப்பானில் ஒளிபரப்பான சில நாட்களிலேயே ரசிகர்கள் சப்டைட்டில் போட்டு டொரண்டில் ஏற்றிவிடுவார்கள். அதிகாரபூர்வ டிவிடி வர ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். ஓராண்டுக்கு முன்பே இலவசமாகப் பார்த்ததை 30 டாலர் கொடுத்து வாங்கப் பலருக்கு மனசு வரவில்லை.

ஆனால் திருட்டு மட்டுமே காரணம் என்றால் கணக்கு முழுசாக ஒத்துவராது. சந்தைக்கு மீறி உரிமங்களை வாங்கிக் குவித்தது நிறுவனங்களின் முடிவு. ஒரு சில கடைத் தொடர்களையே நம்பியிருந்ததும் அப்படித்தான். ஏ.டி.வி 2006இல் ஜப்பானின் சோஜிட்ஸ் குழும முதலீட்டை நம்பி விரிவடைந்தது. அந்த உறவு கசந்தபோது தொடர்களே கைமாறிப் போயின.

நாணய மாற்றும் சேர்ந்துகொண்டது. 2008 நடுவில் ஒரு டாலருக்கு 105 யென்னுக்கு மேல் கிடைத்தது. ஆண்டு முடிவில் 90 யென் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவில் அதே அளவு விற்றாலும், ஜப்பானிய தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரும் பணம் குறைந்தது. அவர்களுக்கும் அமெரிக்கச் சந்தை மீது இருந்த ஆர்வம் மங்கியது.

தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

ஃபனிமேஷன் ஒருவிதத்தில் அதிர்ஷ்டசாலி. 'டிராகன் பால் ஸீ' என்ற வற்றாத ஊற்று அதனிடம் இருந்தது. 2005 முதல் நவாரே என்ற விநியோக நிறுவனத்தின் கீழ் இருந்ததால், சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகும் வலையமைப்பும் சொந்த வீட்டிலேயே இருந்தது. விழுந்தவர்களின் தொடர்களை எடுத்துக்கொண்டது. நான்கு எபிசோடு டிஸ்க்குக்குப் பதிலாக, 13 எபிசோடுகளை ஒரே பெட்டியில் போட்டு விற்றது.

இன்னொரு வழி இணையம். 2006இல் தொடங்கிய கிரஞ்சிரோல், முதலில் பயனர்கள் உரிமமில்லாமல் ஏற்றிய வீடியோக்களால் வளர்ந்த தளம். 2008இல் ஜப்பானின் கோன்ஸோ ஸ்டூடியோ இரண்டு தொடர்களை ஒளிபரப்பையொட்டி இணையத்திலும் வெளியிட்டது. கிரஞ்சிரோல் அதில் ஒரு தளம். டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் போட்டு, 2009 ஜனவரியில் 'நருட்டோ ஷிப்புடென்' தொடரை முறையாக வெளியிடத் தொடங்கியது. தாமதம்தான் திருட்டுக்குத் தீனி போடுகிறது என்று புரிந்தபோது, தாமதத்தையே எடுத்துவிட்டார்கள்.

இன்று இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

2017இல் ஃபனிமேஷனை சோனி வாங்கியது. 2021இல் 117.5 கோடி டாலருக்கு கிரஞ்சிரோலையும் வாங்கியது. 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் செயலி மூடப்பட்டது. இன்று தமிழ் டப்பிங்கிலேயே அனிமே வருகிறது என்றால், அது இந்த இடிபாடுகளின் மேல் எழுந்த கட்டடத்திலிருந்துதான் வருகிறது.

அன்று ஒரு நிறுவனம் விழுந்தால், அங்கே வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர் அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்ட முடிந்தது. ஏ.டி.வியிலிருந்து பிறந்த சென்டாய் ஃபிலிம்வொர்க்ஸ் போன்றவை இன்றும் இருந்தாலும், தட்டுவதற்கான கதவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. 2025 ஜூலையில் கிரஞ்சிரோல் தொடர் ஒன்றின் ஜெர்மன் சப்டைட்டிலில் 'சாட்ஜிபிடி' பெயர் அப்படியே எட்டிப் பார்த்தது. வெளி ஒப்பந்ததாரர் விதியை மீறிச் செய்தது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் பல நாளாகச் சொல்லிவந்த பயம் திரையிலேயே எழுத்தில் வந்துவிட்டது.

வேலையில் இருப்பவர்கள் இந்தக் கதையிலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் நிறுவனத்தின் பொருளை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது முக்கியம்தான். அந்த விருப்பம் எந்த வழியாகச் சம்பளமாக மாறி நம் கணக்குக்கு வருகிறது என்பது அதைவிட முக்கியம். 2008இல் அனிமே மீதான ஆசை குறையவில்லை. அது காசாக மாறிய வழிதான் அடைபட்டது. அந்த வழியில் நின்றிருந்தவர்கள்தான் முதலில் வேலையை இழந்தார்கள்.