பரிசோதனையில் அகப்படாத தொற்று

கொள்ளைநோய்க் காலத்தில் தினந்தோறும் வெளியாகும் நோயாளிகளின் எண்ணிக்கை, நோயின் விஸ்தாரத்தை மட்டுமன்றி நாம் செய்த பரிசோதனைகளின் அளவையும் சேர்த்தே காட்டுவதால், பரிசோதனையைச் சுருக்கிக்கொண்ட அரசாங்கம் நோயும் சுருங்கிவிட்டதாகத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது வெகு சுலபம். பின் உண்மையை அறிவது எப்படி?

தொற்று வந்துபோனது ஒருவருக்கே தெரியாவிட்டாலும், அதை எதிர்த்து உடலில் உண்டான எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் சில மாதங்களாவது இரத்தத்தில் தங்கியிருக்கும். அவற்றைத் தேடினால் போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தேசமென்னும் பானைக்கோ பல இடங்களில் அள்ளிப் பார்த்தாகவேண்டும். கொரோனா பரவிய 2020 மே, ஜூன் மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் முதல் ஆய்வில் 21 மாநிலங்களைச் சேர்ந்த 70 மாவட்டங்களில் 28,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வயதுவந்தோரில் 0.73 சதவிகிதத்தினரே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பதும், கணக்கில் ஏறிய ஒவ்வொரு தொற்றுக்கும் ஈடாக மக்களிடையே சுமார் 82 முதல் 130 தொற்றுகள் நேர்ந்திருந்தன என்பதும் புலப்பட்டன. ஜனங்களில் பெரும்பாலோர் நோய்க்கு இரையாகும் நிலையிலேயே இருந்தமையால், கட்டுப்பாடுகளைக் கைவிட அது சமயமல்ல.

2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காம் ஆய்விலோ எதிர்ப்புப் புரதம் உள்ளவர்களின் விகிதம் 67.6 சதவிகிதமாக உயர்ந்தது. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் எதிர்ப்புப் புரதம் காணப்பட்டது. இந்நிலையில் ஆரம்பப் பள்ளிகளை முதலில் திறக்கலாமென்று கவுன்சிலின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா யோசனை கூறினார். தரவு வழிகாட்டலாம், நடப்பது அரசின் சித்தம். தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்றும், சிறுவர் வகுப்புகள் நவம்பர் 1 அன்றுமே திறக்கப்பட்டன.