மூச்சுக்குக் கணக்கு வைக்கும் கருவி

ஊரிலே நாம் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கிய ஆஸ்துமா நோய், ஹ்விடோவ்ரேயில் வளரும் எமது பிள்ளைகள் சிலரையும் வருத்துகின்றது. இந்நோயில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்க, காற்றுவழி ஒடுங்குகின்றது. ஒடுங்கிய வழியை உடனே விரிப்பது ஒருவகை மருந்து. அழற்சியைத் தணிப்பது மற்றொரு வகை. பின்னையதை நாள்தோறும் எடுக்குமாறு வைத்தியர் விதிப்பது வழக்கம். அதன் பலன் உடனே புலப்படாமையால், மூச்சுச் சீரானதும் பலர் அதனைக் கைவிடுகின்றனர். மருந்து பழகிவிடும் என்னும் வீண் அச்சமும் எம்மவரிடையே உண்டு.

நாம் மருந்தகத்தில் மருந்து வாங்கியதை டென்மார்க்கின் மின்பதிவேடு வைத்தியருக்குக் காட்டும். அதனை இழுத்தோமா என்பதைக் காட்டாது. அதனை அறியவே டிஜிட்டல் இன்ஹேலர்கள் தோன்றின. இன்ஹேலரில் பொருத்தப்படும் சிறு உணர்கருவி, மருந்தெடுத்த நாளையும் நேரத்தையும் பதிவுசெய்யும்.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் 6 முதல் 15 வயது வரையான 220 பிள்ளைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. ஒலியெழுப்பி நினைவூட்டும் கருவியைப் பெற்றோர் விதித்த மருந்தில் 84 வீதத்தை எடுத்தனர்; ஒலியற்ற கருவியைப் பெற்றோர் எடுத்ததோ 30 வீதமே. இவை இரு பிரிவினரதும் இடைய அளவுகளாகும்.

பதிவைக் காட்டிப் பிள்ளையைக் கண்டித்தல் இக்கருவியின் நோக்கமன்று. மறதியை அறிந்து உதவுதலே நோக்கம். கருவி இல்லாத வீட்டிலே நினைவூட்டும் குரலாகப் பெற்றோரே அமையலாம். விதித்த மருந்தைப் பல் துலக்குமுன் எடுத்து, பின் வாய் கொப்பளிக்கப் பழக்குவோம். வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தாதிருப்போம்.